எண்பதோடு நிறுத்தலாமா?

எங்கள் வீட்டில் செல்போனுக்கு சார்ஜ் போடுகிற விஷயத்தில் மூன்று கட்சிகள் உண்டு.

முதல் கட்சி என் வீட்டுக்காரர். "சுத்தமா தீர்ந்தப்புறம்தான் போடணும். பாதியில போட்டா பாட்டரி சோம்பேறியாயிடும்" என்பார். போன் கறுத்துப்போய் அணைகிறவரை சார்ஜரைத் தொட மாட்டார். முக்கியமான யாராவது கூப்பிடும்போதுதான் அது அணையும் என்பது வேறு விஷயம். இரண்டாவது கட்சி என் ஓரகத்தி. மாடியில்தான் குடியிருக்கிறாள். ராத்திரி படுக்கப்போகும்போது சொருகினால் காலையில்தான் எடுப்பாள். பகலிலும் சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்துப் பிளக்கில் சொருகியபடியே பாட்டும் சீரியலும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாவது கட்சி என் பிள்ளை. இஞ்சினியரிங் படித்தவன். "இருபதுக்குக் கீழ இறங்க விடாதே, எண்பதுக்கு மேல ஏற விடாதே. நூறு வரைக்கும் ஏத்தினா பாட்டரிக்கு ஆயுசு கம்மிம்மா" என்று பாடம் நடத்துவான்.

நான் எந்தக் கட்சியிலும் இல்லை. ஞாபகம் வந்தால் போடுவேன், அவ்வளவுதான்.

இது வீட்டுக்குள் கேலியும் சண்டையுமாகவே இருந்திருக்கும். 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல்தான் இதை எனக்கு வேறு மாதிரி ஆக்கிற்று.

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. வேளச்சேரிப் பக்கம் தனியாக, தரைத்தளத்து வீட்டில் இருக்கிறாள். நாங்கள் அம்பத்தூரில். அம்மா ஸ்கூல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு விதியைச் சொல்லிவிட்டால் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறவள். பேரன் சொன்ன இருபது-எண்பது கணக்கைக் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சார்ஜர் பக்கத்தில் காவல் உட்காருவாள். பால் பொங்குகிறதா என்று பார்ப்பதைப்போல!

டிசம்பர் 3-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மழை பிடித்துக்கொண்டுவிட்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா கூப்பிட்டாள். "எண்பது ஆயிடுச்சு, பிடுங்கிட்டேன். நம்ம பையன் சொன்னபடியே" என்றாள். நானும் "சரிம்மா, படுத்துக்கோ" என்றேன். எனக்கும் தோன்றவில்லை பாருங்கள்!

நள்ளிரவுக்கு மேல் அங்கே கரண்ட் போய்விட்டது. திங்கட்கிழமை பூராவும் பேய்மழை. காலையில் இரண்டு தடவை பேசினாள். மத்தியானம் தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது என்றாள். மாடியில் குடியிருப்பவர்கள் வந்து அழைத்துக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லும்போதே லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு விட்டு விட்டு ஒருமுறை. ராத்திரி பத்து மணிக்கு மேல் "ஸ்விட்ச் ஆஃப்" என்கிற அந்தப் பெண்ணின் குரல்தான் வந்தது. மாடிக்காரர்கள் நம்பர் என்னிடம் இல்லை. அன்று இரவு நான் எத்தனை தடவை அந்தக் குரலைக் கேட்டேன் என்று எண்ணவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரரும் பிள்ளையும் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்ப் பார்த்தார்கள். அம்மா மாடியில், யாருடைய நைட்டியையோ போட்டுக்கொண்டு, பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பேரனைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான்: "அந்த இருபது மட்டும் இருந்திருந்தா, உங்கம்மாகிட்ட இன்னொரு வார்த்தை பேசியிருப்பேன்டா."

எண்பது இருபத்தைந்து மணி நேரம் வந்ததென்றால் இருபது ஆறு மணி நேரம் வந்திருக்கும் என்று பிள்ளை மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறான். விடியற்காலை வரை. அந்த நேரத்தில் டவரே வேலை செய்யாமல் இருந்திருக்கலாம், யார் கண்டது! ஆனாலும் இரண்டு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் எனக்கு இதைத் தெரிந்துகொண்டே தீருவது என்று பிடிவாதம் வந்தது. எண்பதோடு நிறுத்தினால் உண்மையிலேயே பாட்டரிக்கு நல்லதா, அல்லது இதுவும் பழைய காலத்துச் சாஸ்திரம் மாதிரி யாரோ சொல்லி யாரோ கேட்டதா? பிள்ளையையே உட்கார வைத்துக் குடைந்தேன். புரியாததைப் படித்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் ஒரு தம்பியையும் விடவில்லை.

முதலில் என் வீட்டுக்காரர் கட்சி தோற்றது. அவர் சொல்வது பொய் இல்லை, காலாவதியான உண்மை. ஒரு காலத்தில் கார்ட்லெஸ் டெலிபோனிலும் ஆரம்ப கால செல்போன்களிலும் நிக்கல்-காட்மியம் பாட்டரி இருந்தது. அதைப் பாதியில் பாதியில் சார்ஜ் செய்தால் தன் கொள்ளளவே அவ்வளவுதான் என்று அது பழகிப்போகும் என்பார்கள். அதனால் முழுதும் தீர்த்துவிட்டுப் போடச் சொன்னார்கள். இன்று நம் கையில் இருப்பது லித்தியம்-அயான் பாட்டரி. 1991-ல் ஸோனி கம்பெனி கடைக்குக் கொண்டுவந்தது. இதைக் கண்டுபிடித்து வளர்த்ததற்காக 2019-ல் மூன்று பேருக்கு ரசாயன நோபல் பரிசு கொடுத்தார்கள். அவர்களில் ஜான் குட்இனஃப் என்கிற அமெரிக்கருக்கு அப்போது வயது 97! நோபல் பரிசு பெற்றவர்களிலேயே அவர்தான் மூத்தவர். (இதைச் சொன்னதும் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். "பாத்தியா, எனக்கு இன்னும் டயம் இருக்கு" என்றாள்.)

இந்த லித்தியம் பாட்டரிக்கு ஞாபகசக்தித் தொல்லையெல்லாம் கிடையாது. சுத்தமாகத் தீர்வதுதான் இதற்கு ஆகாது. அடிக்கடி அடிமட்டம் வரை இறக்குவதைவிட, நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள்வதே நல்லது. பாதி பாதியாக இரண்டு தடவை போட்டால் இரண்டு கணக்கு ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று, அவ்வளவே. பீரோவில் பழைய போன் ஒன்றை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று போட்டு வைக்கிறோம் அல்லவா? காலியாகப் போட்டு வைத்தால் சில மாதங்களில் ஒரேயடியாகச் செத்துப்போகக்கூடும். பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள், அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். பட்டுப்புடவையை எடுத்து மடிப்பு மாற்றி வைக்க மாட்டோமா, அதுபோல.

சரி, எண்பது விஷயம்? அதில் என் பிள்ளை சொன்னது நிஜம்தான்.

பாட்டரிக்குள் இரண்டு பக்கம் இருக்கிறது. ஒரு பக்கம் கோபால்ட் போன்ற உலோகச் சேர்மானம், மறுபக்கம் பென்சிலில் இருக்கிற கிராஃபைட். சார்ஜ் போடும்போது லித்தியம் துகள்கள் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி கிராஃபைட்டுக்குள் போய் உட்காருகின்றன. உபயோகிக்கும்போது திரும்பிப் போகின்றன. காலை நேரத்து டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலி பஸ்ஸில் முதலில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் உண்டு, மளமளவென்று ஏறுவார்கள். கடைசியில் ஏறுகிற பத்துப் பேர் படியில் நெருக்கித் தள்ளித்தான் நுழைய வேண்டும். போன் எண்பது வரை சீக்கிரம் ஏறிவிட்டு அப்புறம் மெதுவாக நகர்வது அதனால்தான்.

பஸ் நிரம்பி வழிகிறபோது உள்ளே அழுத்தம் அதிகம். பாட்டரியிலும் முழுக்க நிரம்பும்போது வோல்டேஜ் உச்சத்துக்குப் போகிறது, ஏறக்குறைய 4.2 வோல்ட்டும் அதற்குக் கொஞ்சம் மேலும். அந்த உச்சத்தில் இருக்கும்போது உள்ளே இருக்கிற திரவம் சிறிது சிறிதாகச் சிதைகிறது. கிராஃபைட்டின் மேல் ஏடு படிவதுபோல் ஒரு படலம் தடிமனாகிக்கொண்டே வரும். அதில் மாட்டிக்கொள்ளும் லித்தியம் திரும்பி வேலைக்கு வராது. அது குறையக் குறைய பாட்டரியின் கொள்ளளவும் குறைகிறது. எண்பதில் நிறுத்தினால் இந்தச் சிதைவு நிதானப்படும். நின்றுவிடாது. நாம் தொடாமல் வைத்திருந்தாலும் பாட்டரிக்கு வயதாகத்தான் செய்யும்.

செல்போன் கம்பெனிகளே இதை ஒப்புக்கொண்டுவிட்டன. ஆப்பிள் 2023-ல் ஐபோன் 15-ல் எண்பதோடு நிறுத்தும் வசதியைக் கொடுத்தது. ஸாம்ஸங் போன்களிலும் கூகிள் போன்களிலும் அதே மாதிரி இருக்கிறது. செட்டிங்ஸில் பாட்டரி என்ற இடத்தில் தேடினால் கிடைக்கும். ராத்திரி முழுவதும் சொருகியிருந்தாலும் எண்பதில் காத்திருந்து, நாம் எழுந்திருக்கும் நேரம் பார்த்து மீதியை ஏற்றிக்கொள்கிற புத்திசாலி போன்களும் உண்டு. அப்படிப்பட்டது இருந்தால் அதுபாட்டுக்கு வேலை செய்யட்டும். நாம் காவல் உட்கார வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் ரிச்சி ஸ்ட்ரீட் தம்பி வருகிறார்.

என் ஓரகத்தியின் போன் பின்பக்கம் லேசாகப் புடைத்துக்கொண்டு, கண்ணாடி ஓரத்தில் விரிசல் மாதிரி இடைவெளி விட்டிருந்தது. "கவர் சின்னதாயிடுச்சு போல" என்று அவள் கவரை மாற்றிக்கொண்டிருந்தாள்! நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். தம்பி திறந்து காட்டினார். வெள்ளித்தாள் உறை போட்ட பாட்டரி அப்பளம் பொரிந்ததுபோல் உப்பியிருந்தது. உள்ளே திரவம் சிதைந்து வாயுவாகிவிட்டதாம். "அக்கா, இதை எங்கே வெச்சு சார்ஜ் போடுவீங்க?" என்று கேட்டார். அவள் சொன்னாள்: பகலில் அடுப்பு மேடை, ராத்திரியில் தலையணைக்குப் பக்கம். போன் கவரைத் திறந்து பார்த்தால் உள்ளே ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று, பஸ் டிக்கெட்டுகள், சாமி படம், பால்காரர் கணக்கு. "அது மூச்சு விடவே வழியில்லையேக்கா" என்றார் தம்பி.

நூறு வரை ஏற்றியது மட்டும் அதைக் கெடுக்கவில்லை. நூறிலேயே, சூட்டிலேயே, மணிக்கணக்காக இருந்ததுதான் கெடுத்தது. பாட்டரிக்காரர்கள் பல காலமாகச் சொல்லும் ஒரு கணக்கு இருக்கிறது. உபயோகிக்காமல் ஒரு வருஷம் எடுத்து வைக்கும் லித்தியம் பாட்டரியை 40 சதவிகித சார்ஜில், 25 டிகிரியில் வைத்தால் கொள்ளளவில் சுமார் 96 பங்கு மிஞ்சும். அதே வெப்பத்தில் முழு சார்ஜில் வைத்தால் 80. வெப்பம் 40 டிகிரியானால், 40 சதவிகித சார்ஜில் 85 மிஞ்சும். முழு சார்ஜோடு 40 டிகிரி சேர்ந்தால் வெறும் 65! பாட்டரிக்குப் பாட்டரி இந்த எண்கள் மாறும். ஆனால் சங்கதி மாறாது. ஆப்பிள் கம்பெனி தன் போன்களுக்கு 16 முதல் 22 டிகிரி உகந்தது என்றும், 35-க்கு மேல் போனால் பாட்டரிக்கு நிரந்தரமாகவே கெடுதல் வரலாம் என்றும் சொல்கிறது. நம் ஊர் மே மாதத்தில், அதுவும் அடுப்பு மேடையில், 35 எங்கே 22 எங்கே!

ஆகவே எண்பது, தொண்ணூறு என்று எண்ணிக்கொண்டிருப்பதற்கு முன்னால் போன் சூடாகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய உதவி. சமையலறையிலும், வெயில் விழும் ஜன்னலிலும், பிரிட்ஜின் மேலும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது தடித்த கவரைக் கழற்றிவிடுங்கள். மெத்தை, தலையணைக்கு அடியில் வேண்டவே வேண்டாம். சார்ஜ் போட்டபடி வீடியோ பார்த்தால் இரண்டு சூடும் சேர்ந்துகொள்ளும். போன் உப்பியிருந்தால் அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடிக்கக்கூடிய சமாசாரம் அது. அணைத்துவிட்டு ரிப்பேர் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது.

இனி லாப நஷ்டக் கணக்கு. ஐபோன் 15-ம் அதற்குப் பின் வந்தவையும் ஆயிரம் முழுச் சுற்றுக்குப் பிறகும் 80 சதவிகிதம் கொள்ளளவு மிஞ்சுகிற மாதிரி செய்யப்பட்டவை என்கிறார்கள். அதற்கு முந்தினவற்றுக்கு ஐந்நூறு சுற்று. ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்களுக்கு எண்ணூறு சுற்றாவது தாங்க வேண்டுமென்று சட்டமே வந்துவிட்டது. தினம் ஒரு சுற்று என்றால் எண்ணூறு நாள் இரண்டேகால் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட. அரைச் சுற்றுதான் செலவாகிறதென்றால் நாலு வருஷத்துக்கும் மேல்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மூன்று வருஷம் கழித்து இருபது பங்கு குறைந்துவிடுமே என்று பயந்து, முதல் நாளிலிருந்தே இருபது பங்கை நாமே வேண்டாமென்று விடுகிறோம்! கல்யாணப் புடவை நைந்துபோகுமென்று கட்டாமலே வைத்திருப்பாளே ஒருத்தி, அவள் கணக்குதான். இரண்டு வருஷத்துக்கொரு தரம் போன் மாற்றுகிறவர்களுக்கு இந்தச் சிக்கனத்தால் பெரிசாக ஒன்றும் மிஞ்சாது. சம்பாதித்துக் கொடுப்பது அடுத்து அந்தப் போனை வாங்குகிறவருக்கு.

யாருக்கு லாபம் என்றால், நாலைந்து வருஷம் அதே போனை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு. ஆபீஸ் மேஜையில், கடைக் கல்லாவில் நாள் முழுதும் சார்ஜரிலேயே போனை வைத்திருப்பவர்களுக்கு. எண்பதே ராத்திரி வரை போதும், பிளக் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்கிறவர்களுக்கு. என் பிள்ளை அந்த ரகம். அவன் போனில் எண்பதில் தானாக நிற்கும்படி வைத்திருக்கிறான், அது நியாயம். நானும் என் போனில் அந்த வசதி இருப்பதைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டேன். வெளியூர் கிளம்பும் முதல் நாள் ராத்திரி எடுத்துவிடுவேன். என்றைக்காவது நூறு ஏற்றினால் பாட்டரிக்கு ஒன்றும் ஆகிவிடாது. எண்பதில் நிறுத்தி வைத்திருக்கும் போனே எப்போதாவது ஒரு நாள் தானாக நூறு வரை போய் வரும், தன் அளவைச் சரிபார்த்துக்கொள்வதற்காக. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் எழுபத்தெட்டு வயசில் ஒருத்தி, தனியாக இருக்கிறவள், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிளக் பக்கத்தில் எண்பதுக்காகக் காத்திருப்பதா? அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவளுக்கு போன் என்பது பாட்டரியின் ஆயுளைக் காப்பாற்றுவதற்காக இல்லை. பாட்டரி கெட்டால் மாற்றிக்கொள்ளலாம், புதுப் போன் விலையில் அது சிறு பங்குதான். அம்மாவின் போனுக்குப் போன வருஷம் அதே ரிச்சி ஸ்ட்ரீட் தம்பியிடம் புது பாட்டரி போட்டாயிற்று. ஹாலில் நிழலான ஸ்டூல் ஒன்றில் சார்ஜர் இருக்கிறது. காலையில் பேப்பர் படிக்கும்போது போட்டுவிட்டு, படித்து முடித்ததும் எடுக்கிறாள். எத்தனை இருந்தாலும் சரி. காலண்டர் ஓரத்தில் இப்போது மாடிக்காரர்கள் நம்பர் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. மழை, புயல் என்று ரேடியோவில் சொன்னால் மட்டும் நூறு ஆகிறவரை எடுப்பதில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் வந்ததே, அன்று காலை அம்மாவிடமிருந்து போன். "நூறு ஆயிடுச்சு. டார்ச்சும் பக்கத்துல இருக்கு. உன்னுது எவ்வளவு இருக்கு?"

எடுத்துப் பார்த்தேன். முப்பத்திநாலு.

"போய்ப் போடுடி முதல்ல" என்று சொல்லி, எனக்கு முன்னால் அவளே போனை வைத்துவிட்டாள்.